"கன்சிடர்" என்ற சொல்லும் நான் உட்காராமல் போன ஜூரி நாற்காலியும்

ஆங்கிலச் சொற்களைத் தமிழோடு கலந்து பேசிப் பேசிச் சில சொற்களுக்கு நாமே ஒரு பொருளைக் கொடுத்துவிட்டோம். ஒரு அலுவலகத்தில் போய் நின்று "சார், கொஞ்சம் கன்சிடர் பண்ணுங்க" என்றால், பார்த்துச் செய்து கொடுங்கள், மறுக்காதீர்கள் என்று அர்த்தம். கன்சிடர் பண்ணிவிட்டார் என்றால் கொடுத்துவிட்டார். இருபது வருடம் அமெரிக்காவில் வேலை பார்த்த பிறகும் அந்தச் சொல் என் காதில் அப்படித்தான் விழுந்தது. 2011இல் டெக்சாஸில் ஒரு மரண தண்டனை வழக்குக்கு ஜூரியை, அதாவது தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பொதுமக்களை, தேர்ந்தெடுத்தபோது நான் நீக்கப்பட்டதற்கு அது முக்கியமான காரணம். அந்த வழக்கில் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நான் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே என்ன நடந்தது, அப்புறம் நான் என்னவெல்லாம் தெரிந்துகொண்டேன் என்பதை இப்போதாவது எழுதிவிட வேண்டும். நம்மவர்கள் பலர் குடியுரிமை வாங்கியாயிற்று, எல்லோருக்கும் இந்த அழைப்பு வரும், வரும்போது ஒருவரும் இதைச் சொல்லித் தரப்போவதில்லை.

நான் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னாலஜிஸ்ட். 2008இல் குடியுரிமை கிடைத்தது. டெக்சாஸில் வாக்காளர் பட்டியலில் இருந்தும் ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்களின் பட்டியலில் இருந்தும்தான் ஜூரிக்கு ஆள் எடுக்கிறார்கள், ஆகவே இரண்டிலும் பெயர் இருந்த எனக்கு மூன்று வருடத்தில் தபால் வந்துவிட்டது. எந்த வழக்கு என்று அதில் போட்டிருக்காது. வேலையிடத்தில் சொன்னதும் ஆளாளுக்குத் தப்பிக்கும் வழியைச் சொன்னார்கள். எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல், அரை நாளில் அனுப்பிவிடுவார்கள் என்றார் ஒருவர். போன இடத்தில் மரண தண்டனை வழக்கு என்று தெரிந்த அன்று இரவு ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஒரு உசுரு போற விஷயத்துல உனக்கு எதுக்குடி அந்தப் பாவம்? உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வந்துரு" என்றார். என் கணவர் மட்டும், "நீ போகலன்னா அந்த எடத்துல வேற யாரோ ஒக்காருவாங்க, அவ்வளவுதானே" என்றார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் ஒரு பெரிய கூடத்தில் இருநூறு பேர் இருந்திருப்போம். நீதிபதி வந்து, இரண்டு பேர் கொல்லப்பட்ட வழக்கு, அரசுத் தரப்பு மரண தண்டனை கேட்கிறது என்று மட்டும் சொன்னார். கூடமே ஒரு நிமிடம் அமைதியானது. பிறகு ஆளுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள், பதினெட்டுப் பக்கம். குடும்பம், படிப்பு, மதம், வீட்டில் யாராவது போலீசில் இருக்கிறார்களா, யாராவது குற்றத்துக்கு ஆளாகியிருக்கிறார்களா, என்ன படிப்பீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, நடுவில் ஏழெட்டுக் கேள்விகள் மரண தண்டனையைப் பற்றியே இருந்தன. முழுக்க ஆதரிக்கிறேன் என்பதில் தொடங்கி எந்த நிலையிலும் கூடாது என்பது வரை ஒரு வரிசை, அதில் ஒன்றை வட்டமிட வேண்டும். நான் நடுவில் வட்டமிட்டேன். விளக்கம் எழுதுங்கள் என்ற இடத்தில், "தவறு நடந்தால் திருத்த முடியாத தண்டனை என்பதால் தயக்கம் உண்டு" என்று எழுதினேன்.

அது என் தொழிலில் இருந்து வந்த தயக்கம். ஒரு நோயாளிக்குப் பொட்டாசியம் ஆபத்தான அளவில் இருப்பதாக மெஷின் காட்டினால் நாங்கள் அதை அப்படியே நம்பிவிட மாட்டோம். ரத்தம் எடுக்கும்போதே சிவப்பணுக்கள் உடைந்து உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்திருக்கலாம், குழாயைச் சுழற்றி எடுத்துப் பார்த்தால் மேலே நிற்கும் சீரம் வெளிர் மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறத்தைப் பார்த்ததும் வார்டுக்குப் போன் செய்து மறுபடி எடுக்கச் சொல்வோம். மறுபடி எடுக்க முடியும் என்ற ஒரே தைரியத்தில்தான் நான் அந்த வேலையைச் செய்கிறேன். அந்தக் கேள்வித்தாளை நிரப்பும்போது மனதில் இருந்தது இது மட்டும்தான்.

மூன்று வாரம் கழித்துத் தனியாக வரச் சொன்னார்கள். சாதாரண வழக்கில் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். மரண தண்டனை வழக்கில் ஒவ்வொருவராக அழைத்து சாட்சிக் கூண்டில் உட்காரவைத்துக் கேட்கலாம். எதிரே இரண்டு மேசை. ஒன்றில் அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள், இன்னொன்றில் குற்றம் சாட்டப்பட்டவரும் அவருடைய வழக்கறிஞர்களும். அவர் என்னிடமிருந்து பதினைந்து அடி தூரம்கூட இருக்க மாட்டார். வெளிர் நீலச் சட்டை போட்டிருந்தார். புதுச் சட்டை. பெட்டியில் இருந்து எடுத்து அப்படியே போட்டுவிட்டிருக்கிறார்கள், மார்பில் குறுக்கும் நெடுக்குமாக மடிப்புத் தடம் அப்படியே இருந்தது, காலர் கழுத்தை விட்டு விலகி நின்றது. யாரோ அளவு தெரியாமல் வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஒரு மஞ்சள் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் மிக மரியாதையாகப் பேசினார். என் கேள்வித்தாளைக் கையில் வைத்திருந்தார். சட்டத்தை விளக்கினார், அப்புறம் குரலை மாற்றாமல், நிதானமாக, அங்கே உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பாருங்கள் என்றார். பார்த்தேன். நீங்கள் கொடுக்கும் பதிலின் விளைவாக ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு மேல் ஹன்ட்ஸ்வில் சிறையில் அவரைக் கட்டிலில் வைத்து வாரால் கட்டுவார்கள், கையில் ஊசி ஏற்றுவார்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய தாய் நின்றுகொண்டிருக்கலாம், அது நடக்கும் என்று தெரிந்தும் உங்களால் அந்தத் தண்டனையைக் "கன்சிடர்" செய்ய முடியுமா என்று கேட்டார்.

என் காதில் விழுந்தது, நீங்கள் கொடுப்பீர்களா என்பதுதான். இன்னும் ஒரு சாட்சியைக்கூடப் பார்க்காத நான் எப்படிக் கொடுப்பேன் என்று சொல்ல முடியும்? "தெரியவில்லை" என்றேன். அவர் அதை இரண்டு மூன்று விதமாகத் திருப்பிக் கேட்டார். ஒவ்வொரு முறையும் என் பதில் இன்னும் மெலிந்துகொண்டே போனது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து என்னைத் தக்கவைக்க முயன்றார் என்பது இப்போது புரிகிறது, அன்றைக்குப் புரியவில்லை. சட்டம் சொல்வதைப் பின்பற்றுவீர்களா, ஆதாரம் தெளிவாக இருந்தால் கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதுவீர்களா என்றார். "முயற்சி செய்வேன்" என்றேன். நம் பேச்சில் அது ஒரு பணிவு. முடியும் என்று மார்தட்டினால் அகங்காரமாகத் தெரியும், அதனால் செய்து முடிக்கக்கூடிய வேலைக்கும் "பார்க்கலாம், முயற்சி பண்றேன்" என்போம். நீதிமன்றத்தில் அதை மாட்டேன் என்பதற்கு அடுத்த படியாக எடுத்துக்கொள்கிறார்கள். நீதிபதி என் பக்கம் திரும்பி, எனக்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரு பதில் வேண்டும் என்றார். நான் பேசாமல் இருந்தேன். அரசுத் தரப்பு என்னை நீக்கக் கோரியது, நீதிபதி ஏற்றுக்கொண்டார், நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிடம்.

கார் நிறுத்தத்துக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டதும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை மறைக்க விரும்பவில்லை. பெரிய பாரம் இறங்கியது. அம்மாவுக்குப் போன் செய்து விட்டுவிட்டார்கள் என்றேன். அவர் சாமிக்கு விளக்கேற்றுவதாகச் சொன்னார்.

அந்த வருடக் கடைசியில் செய்தித்தாளில் தீர்ப்பைப் பார்த்தேன். படத்தில் அவர் வேறு சட்டையில் இருந்தார். அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அந்த நிம்மதி கரைந்தது.

முதலில் தெரிந்துகொண்டது, மரண தண்டனை பற்றித் தயக்கம் இருப்பது மட்டும் ஒருவரை ஜூரியில் இருந்து நீக்கப் போதாது என்பது. 1968இல் விதர்ஸ்பூன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. 1980இல் டெக்சாஸ் சட்டத்தையே குறிவைத்து ஆடம்ஸ் வழக்கு வந்தது. மரண தண்டனை சாத்தியம் என்பது உங்கள் யோசனையைப் பாதிக்குமா என்று கேட்டு, பாதிக்கும் என்றவர்களை அந்த வழக்கில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அது தவறு, ஒரு உயிர் சம்பந்தப்பட்டது என்று கூடுதல் பொறுப்போடு யோசிப்பவரையும் அந்தக் கேள்வி வெளியேற்றிவிடுகிறது என்றது நீதிமன்றம். 1985இல் விட் வழக்கில் அளவுகோலைக் கொஞ்சம் தளர்த்தி, ஒருவரின் கருத்து அவர் ஜூரி கடமையைச் செய்வதைக் கணிசமாகத் தடுக்குமானால் நீக்கலாம், அதை நேரில் பார்க்கும் நீதிபதி தீர்மானிக்கலாம் என்றார்கள். என்னைப் போல மழுப்பியவர்கள் விழுவது இந்த ஓட்டையில்தான். இன்னொரு பக்கமும் உண்டு. கொலை நிரூபணமானால் கண்ணை மூடிக்கொண்டு மரண தண்டனைதான் என்பவரையும் நீக்க வேண்டும் என்று 1992இல் மார்கன் வழக்கில் சொன்னார்கள்.

ஆக, அந்தக் கூண்டில் "கன்சிடர்" என்பதற்குப் பொருள், சாட்சியங்களைக் கேட்ட பிறகு இரண்டு தண்டனைகளையும் திறந்த மனதோடு சீர்தூக்கிப் பார்ப்பீர்களா என்பது. அது என்னால் முடியும். அன்றைக்கும் முடிந்திருக்கும். இதைத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் தயங்காமல் ஆம் என்றிருப்பேன், அது பொய்யாகவும் இருந்திருக்காது. ஆகவே உங்களை அந்த நாற்காலியில் உட்காரவைத்தால் புரியாத சொல்லுக்குத் தலையாட்டாதீர்கள். "நீங்கள் அந்தச் சொல்லை எந்தப் பொருளில் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். ஆங்கிலம் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில்தான் நான் கேட்காமல் விட்டேன். எனக்கு அடுத்து வந்தவர், அங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவர், இரண்டு முறை விளக்கம் கேட்டதாக வெளியே வந்தபோது சொன்னார்.

இதில் எனக்கு மிகவும் கனமாகப் பட்டது வேறொன்று. தண்டனையைத் தீர்மானிக்கிற அதே பன்னிரண்டு பேர்தான், அவர் குற்றவாளியா இல்லையா என்பதையும் முதலில் தீர்மானிக்கிறார்கள். தயங்குகிறவர்களை எல்லாம் முன்கூட்டியே சலித்து எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பவர்கள் குற்றத் தீர்ப்பின் பக்கமே சாய்வார்களே என்ற கேள்வி 1986இல் லாக்ஹார்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆய்வுகளையும் காட்டினார்கள். அந்த ஆய்வுகள் சரி என்றே வைத்துக்கொண்டாலும் அரசியலமைப்பு இதைத் தடுக்கவில்லை என்று தீர்ப்பாகிவிட்டது. நான் சட்டம் படித்தவள் இல்லை, ஆனால் ஒரு மாதிரியை எடுக்கும்போதே ஒரு வகைச் செல்களை வடிகட்டிவிட்டு மீதியை எண்ணினால் அந்த எண்ணிக்கைக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். டெத் குவாலிஃபிகேஷன் என்று வழக்கறிஞர்கள் சாதாரணமாகச் சொல்லும் இந்தச் சலிப்பு முறை இருக்கும் வரை, மரண தண்டனை வழக்கின் ஜூரியை ஊர் மக்களின் குரல் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

அப்புறம் மில்லர்-எல் வழக்கைப் படித்தேன். 1986இல் டாலஸில் நடந்த விசாரணை. தகுதியுள்ள கறுப்பின ஜூரர்கள் 11 பேரில் 10 பேரை அரசுத் தரப்பு காரணம் சொல்லாமல் நீக்கும் உரிமையைப் பயன்படுத்தி நீக்கியது. மரண தண்டனை வழக்கில் அந்த மாதிரி நீக்க டெக்சாஸில் இரண்டு தரப்புக்கும் 15 வாய்ப்பு உண்டு. 2005இல் உச்ச நீதிமன்றம் மில்லர்-எல்லின் தண்டனையை ரத்து செய்யும் வகையில் தீர்ப்பளித்தது, அதில் ஒரு விவரத்தைப் படித்ததும் அதற்கு மேல் படிக்க முடியாமல் வைத்துவிட்டேன். கட்டில், ஊசி, மரணம் நிகழும் விதம் என்று கொடூரமாக விவரித்துவிட்டு மரண தண்டனை பற்றிய கேள்வியைக் கேட்டது கறுப்பினத்தவரில் 53 சதவீதம் பேரிடம், வெள்ளையர்களில் 6 சதவீதம் பேரிடம் மட்டும். யாரைத் தயங்கவைக்க வேண்டுமோ அவர்களிடம் மட்டும் அந்த விவரிப்பு. என்னிடம் சொன்ன அந்தக் கட்டிலும் வாரும் கண்ணாடியும் எனக்கு முன்னும் பின்னும் போனவர்களுக்கும் சொல்லப்பட்டதா? ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தானே கேட்டார்கள், நான் எப்படித் தெரிந்துகொள்வது.

இனி சொல்லப்போவதை ஜூரிக்குப் போகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். டெக்சாஸில் மரண தண்டனை கொடுக்கலாமா என்று ஜூரியிடம் நேரடியாகக் கேட்பதில்லை. சில கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்வார்கள். இவர் இனியும் வன்முறை செய்து சமூகத்துக்கு ஆபத்தாக இருக்கும் வாய்ப்பு உண்டா என்பது ஒன்று. இவருடைய பின்னணி, குணம், இதில் இவருடைய பங்கு எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் ஆயுள் தண்டனை போதும் என்று சொல்ல ஏதாவது இருக்கிறதா என்பது இன்னொன்று. மரணத்தின் பக்கம் போகும் பதிலுக்குப் பன்னிரண்டு பேரும் ஒத்துப்போக வேண்டும். ஆயுளின் பக்கம் போகும் பதிலுக்குப் பத்துப் பேராவது வேண்டும் என்று ஜூரியிடம் சொல்வார்கள். பத்துப் பேர் சேராமல் ஒரே ஒருவர் மட்டும் மறுத்து நின்றால்? சட்டப்படி அப்போதும் பரோல் இல்லாத ஆயுள் தண்டனைதான். ஆனால் அதை ஜூரியிடம் சொல்லக் கூடாது என்று அதே சட்டம் நீதிபதியையும் இரண்டு தரப்பு வழக்கறிஞர்களையும் தடுக்கிறது. தனியாக மறுத்து நிற்கும் அந்த ஒருவர், இன்னும் ஒன்பது பேரைச் சேர்க்க முடியவில்லையே, விசாரணையே வீணாகிவிடுமோ என்று பயந்து கடைசியில் மற்றவர்களோடு போய்விடலாம். அவருடைய ஒற்றை வாக்கு ஒரு உயிரைக் காப்பாற்றப் போதுமானது என்பது அந்த அறையில் அவருக்குத் தெரியாது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

2018இல் மறுபடி அழைப்பு வந்தது. இந்த முறை ஆயுதத்தைக் காட்டிக் கொள்ளையடித்த வழக்கு, மரண தண்டனைப் பேச்சே இல்லை. கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொன்னேன், முடியும் என்பதை முடியும் என்றே சொன்னேன். பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக உட்கார்ந்தேன். மூன்று நாள் விசாரணை. நேரில் பார்த்தவர் ஒருவர், அவர் புகைப்படத்தைப் பார்த்து அடையாளம் காட்டியது ஒன்று, அதைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை.

அறைக்குள் போனதும் தலைமை ஜூரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், குற்றவாளி என்பவர்கள் முதலில் கை தூக்குங்கள், பார்த்துவிடுவோம் என்றார். பத்துக் கை உயர்ந்தது. நானும் தூக்கியிருந்தேன். ஏன் தூக்கினேன் என்று யோசித்தால், எனக்கு முன்னால் இருந்த ஐந்தாறு பேர் தூக்கிவிட்டிருந்தார்கள் என்பதுதான் உண்மையான பதில். உட்கார்ந்ததும் கை தூக்கச் சொல்லும் இந்தப் பழக்கத்தை யாராவது ஆரம்பித்தால் தடுத்துவிடுங்கள். முதலில் ஆளுக்கு ஐந்து நிமிடம் சாட்சியத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லுங்கள். ஒருமுறை கை தூக்கிவிட்டால் அப்புறம் அதைக் காப்பாற்றத்தான் பேசுவோம், நான் உட்பட.

கை தூக்காத இருவரில் ஒருவர் பள்ளி பஸ் ஓட்டும் ஒரு வயதான அம்மா. அதிகம் பேசவில்லை. "விளக்கு எந்தப் பக்கம் இருந்ததுன்னு அந்தச் சாட்சி சொன்னாரு?" என்று மட்டும் கேட்டார். முன்னால் இருந்தது என்றார் ஒருவர், பின்னால் என்றார் இன்னொருவர், எனக்கு நினைவே இல்லை. சாட்சியத்தைப் படித்துக் காட்டச் சொல்லி நீதிபதிக்குச் சீட்டு எழுதினோம். மறுத்துத் திரும்பி வந்தது. டெக்சாஸில் பொதுவாகப் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டால் கிடைக்காது. ஒரு சாட்சி குறிப்பிட்ட ஒரு விஷயத்தில் என்ன சொன்னார் என்பதில் ஜூரர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பலர் முதல் சீட்டு திரும்பியதும் விட்டுவிடுவார்கள், எங்கள் தலைமை ஜூரரும் விடத்தான் பார்த்தார். அந்த அம்மா பேனாவை வாங்கி, எந்தச் சாட்சி, எந்த விஷயம், எதில் எங்களுக்குள் வேறுபாடு என்று இரண்டே வரியில் எழுதினார். அரை மணி நேரத்தில் எங்களை நீதிமன்றத்துக்குள் அழைத்து ஸ்டெனோகிராபர் படித்தார். வெளிச்சம் அந்த ஆளின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முகம் நிழலில்.

கண்ணால் காண்பதும் பொய் என்று சின்ன வயதில் சொல்லிக் கேட்டதெல்லாம் அந்த அறையில்தான் எனக்கு விளங்கியது. அறைக்குள் போன இரண்டாம் நாள் மாலை குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று பன்னிரண்டு பேரும் ஒத்துப்போகும் இடத்துக்கு வந்தோம். அவர்தான் செய்தாரா இல்லையா என்று எனக்கு இன்றும் தெரியாது, பறிகொடுத்தவருக்கு நியாயம் கிடைக்கவில்லையே என்ற வருத்தமும் உண்டு. ஆனால் நான் முதலில் தூக்கிய கை தவறு என்பதில் சந்தேகமே இல்லை. அன்று காரில் திரும்பும்போது 2011 வழக்கை நினைத்துக்கொண்டேன். அந்த பஸ் ஓட்டும் அம்மா மாதிரியானவர்கள் அந்த ஜூரித் தேர்வில் என்ன ஆகியிருப்பார்கள்? நிதானமாக யோசிப்பவர், எடுத்ததும் உறுதியாகப் பேசாதவர். "தெரியலையே, பார்த்தால்தான் சொல்ல முடியும்" என்று அவரும் சொல்லியிருப்பார்.

ஜூரி முறையே வேண்டாம், நீதிபதியே முடிவு செய்யட்டும் என்று இதைக் கேட்கும் நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். இந்தியாவில் அப்படித்தானே, 1959இல் நடந்த நானாவதி கொலை வழக்கில் ஜூரி 8க்கு 1 என்று விடுவிக்கச் சொல்லி, உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு ஆயுள் தண்டனை கொடுத்தது, பிறகு ஜூரி முறை தேய்ந்து 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு போய்விட்டது என்பார்கள். அந்த பஸ் ஓட்டும் அம்மாவைப் பார்த்த பிறகு என்னால் அதை ஏற்க முடியவில்லை. பன்னிரண்டு விதமான வாழ்க்கை ஒரு அறையில் உட்கார்ந்தால் ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிப்பார். அந்த விதவிதமானவர்களை உள்ளே விடாமல் வாசலிலேயே ஒரே மாதிரி ஆக்கிவிடுவதுதான் என் குறை.

அதோடு, ஜூரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முன்னால் வைக்கப்படுவதை வைத்துத்தான் முடிவெடுக்கும். டெக்சாஸில் கேமரன் டாட் வில்லிங்ஹம் என்பவர், 1991இல் தன் வீட்டுக்குத் தீ வைத்து மூன்று பெண் குழந்தைகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டு 2004இல் கொல்லப்பட்டார். அது வைத்த தீதான் என்று நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள், ஜூரி நம்பியது. அந்த முடிவுகளுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று பிறகு வந்த தீ ஆய்வு நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். 2013இல் டெக்சாஸ், அறிவியல் மாறியதைக் காட்டித் தீர்ப்பை எதிர்க்க ஒரு தனிச் சட்ட வழியையே ஏற்படுத்தியது. அவருக்கு அது ஒன்பது வருடம் தாமதம். 1973இலிருந்து அமெரிக்காவில் மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பிறகு விடுவிக்கப்பட்டவர்கள் குறைந்தது 200 பேர். டெக்சாஸில் மட்டும் 1982இலிருந்து நிறைவேற்றப்பட்ட தண்டனைகள் 590க்கும் மேல். லேபில் ஒரு மெஷின் இத்தனை தவறு காட்டினால் அதை வைத்து ஒரு ரிப்போர்ட்டும் நான் கையெழுத்திட மாட்டேன்.

நடைமுறையாகச் சில. அழைப்பு வந்தால் போங்கள். ஜூரிக்குப் போனதற்காக நிரந்தர ஊழியரை வேலையை விட்டு எடுப்பது டெக்சாஸில் சட்டவிரோதம், ஆகவே மேலாளர் முகம் சுளித்தால் பயப்பட வேண்டாம். பணம் சொற்பம்தான், நான் போனபோது முதல் நாளுக்கு 6 டாலரும் அடுத்த ஒவ்வொரு நாளுக்கும் 40 டாலரும் கொடுத்தார்கள், 2023 செப்டம்பரில் இருந்து அது 20, 58 என்று குறைந்தபட்சம் ஆகியிருக்கிறது. கேள்வித்தாளை வீட்டுக்குக் கொடுத்தால் நிதானமாக எழுதுங்கள், நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியையும் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். தப்பிப்பதற்காக உங்கள் நம்பிக்கையைப் பெரிதாக்கிச் சொல்லாதீர்கள், சேர்வதற்காக மறைக்கவும் கூடாது, அங்கே சொல்வது சத்தியப் பிரமாணம். மரண தண்டனையை உள்ளபடியே எந்த நிலையிலும் ஏற்க முடியாதவர் என்றால் அதைச் சொல்லிவிட வேண்டியதுதான், நீக்கிவிடுவார்கள், அதில் வெட்கம் இல்லை. ஆனால் தயக்கம் வேறு, மறுப்பு வேறு. என்னை இன்று அதே நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டால், "எனக்குத் தயக்கம் உண்டு, அந்தத் தயக்கத்தால் நான் சாட்சியத்தை இன்னும் கவனமாகக் கேட்பேன், கேட்ட பிறகு சட்டம் சொல்லும் இரண்டு தண்டனைகளையும் என்னால் திறந்த மனதோடு எடைபோட முடியும், ஆம்" என்பேன். அந்தக் கடைசி "ஆம்" தெளிவாக, சத்தமாக இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் "என்று நினைக்கிறேன்" சேர்க்கக் கூடாது.

டெக்சாஸில் மரண தண்டனைக் கைதிகளின் பட்டியலைச் சிறைத்துறை இணையத்தில் வெளியிடுகிறது. ஆண்கள் பெரும்பாலும் லிவிங்ஸ்டன் அருகே இருக்கும் போலன்ஸ்கி சிறையில் இருக்கிறார்கள். வருடத்தில் இரண்டு மூன்று முறை, வேலை முடிந்து வந்த இரவுகளில், அந்தப் பட்டியலைத் திறந்து ஒரு பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். போன மாதம் பார்த்தபோது இருந்தது.